நான்கு விமானம், மூன்று மாற்றம்: பல கட்ட வெளிநாட்டுப் பயணத்துக்கு டிக்கெட் எடுப்பதும் சமாளிப்பதும்

திருச்சியிலிருந்து அமெரிக்காவின் சின்சினாட்டிக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நேரடி விமானம் கிடையாது. திருச்சி–சென்னை, சென்னை–தோஹா, தோஹா–சிகாகோ, சிகாகோ–சின்சினாட்டி என்று நான்கு விமானம் ஏறி இறங்க வேண்டும். இந்த நான்கையும் ஒரே டிக்கெட்டாக எடுக்கலாம். துண்டு துண்டாகவும் எடுக்கலாம். துண்டாக எடுத்தால் சில சமயம் சில ஆயிரம் ரூபாய் குறையும். அந்தச் சில ஆயிரத்துக்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரிந்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

ஒரே டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறிப்போனாலும் உங்களைச் சின்சினாட்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. கூடுதலாகப் பணம் வாங்காமல் அடுத்த விமானத்தில் இடம் தர வேண்டும். தனித்தனி டிக்கெட் என்றால் கதையே வேறு. திருச்சி விமானம் இரண்டு மணி நேரம் தாமதம், சென்னையில் தோஹா விமானம் போய்விட்டது என்றால், அந்த நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராத பயணி, அதாவது நோ-ஷோ. அந்த டிக்கெட்டில் மிச்சமிருக்கும் எல்லா விமானங்களும், ஊர் திரும்பும் பயணம் உட்பட, ரத்தாகிவிடும். வேறொரு கம்பெனியின் விமானம் தாமதம் என்ற காரணத்தை அங்கே கேட்க மாட்டார்கள்.

2025 ஜூன் 23 அன்று கத்தாரின் வான்வெளி திடீரென்று சில மணி நேரம் மூடப்பட்டது. இப்படிப்பட்ட நாட்களில்தான் ஒரே டிக்கெட்டின் அருமை தெரியும். கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட் இருப்பவருக்கு வேறு வழி ஏற்பாடு செய்ய வேண்டியது நிறுவனத்தின் கடமை. துண்டு டிக்கெட் வைத்திருப்பவர் ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகப் போராட வேண்டும்.

கையில் இருப்பது ஒரே டிக்கெட்தானா?

பலரும் பிஎன்ஆர் ஒன்றாக இருந்தால் டிக்கெட்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பிஎன்ஆர் என்பது ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த முன்பதிவுக் குறியீடு. டிக்கெட் எண் என்பது வேறு. அது 13 இலக்கம். அதன் முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தைச் சொல்லும். ஏர் இந்தியாவுக்கு 098, கத்தார் ஏர்வேஸுக்கு 157, எமிரேட்ஸுக்கு 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, லுஃப்தான்ஸாவுக்கு 220.

சில இணையதளங்கள் ஒரே உறுதிப்படுத்தல் மின்னஞ்சலில் இரண்டு மூன்று டிக்கெட்டுகளை ஒட்டி அனுப்பிவிடும். பார்க்க ஒரே பயணம் போலத் தெரியும். மின்னஞ்சலைத் திறந்து 13 இலக்க எண்ணைத் தேடுங்கள். எல்லா விமானங்களுக்கும் எதிரே அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு டிக்கெட் எண்ணில் நான்கு விமானம்தான் அடங்கும். எனவே போக நான்கு, வர நான்கு என்று எட்டு விமானம் இருந்தால், அடுத்தடுத்து வரும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று 45 என்று முடிந்தால் அடுத்தது 46 என்று முடியும். அது சரிதான், அவை இணைந்த ஒரே டிக்கெட். முதல் மூன்று இலக்கமே வேறாக இருந்தாலோ, எண்கள் தொடர்பில்லாமல் இருந்தாலோ அவை தனி டிக்கெட்டுகள். 'சுயமாக மாறிக்கொள்ளவும்' என்ற பொருளில் எங்காவது சிறிய எழுத்தில் குறிப்பு இருந்தாலும் அதே அர்த்தம்தான்.

தனி டிக்கெட்டைத் தவிர்க்கவே முடியாது என்றால், இரண்டுக்கும் நடுவில் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் விடுங்கள். முந்தைய நாளே அந்த ஊருக்குப் போய்த் தங்கிவிடுவது அதைவிட நல்லது. திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ சென்னைக்குப் போய் ஏறுவதாக இருந்தால் இரவு ரயிலும் பேருந்தும் இருக்கின்றன. ரத்தாகக்கூடிய ஒற்றை விமானத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை. வெளிநாட்டு விமான நிலையத்தில் தனி டிக்கெட்டுக்கு மாறுவதுதான் அபாயம் கூடியது. பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டும். வெளியே வர அந்த நாட்டின் விசா தேவைப்படலாம். கோலாலம்பூரில் ஏர்ஏசியா இரண்டாம் முனையத்தில் இயங்குகிறது, மற்ற பெரிய நிறுவனங்கள் முதல் முனையத்தில். இரண்டுக்கும் நடுவே ரயிலிலோ பேருந்திலோ போக வேண்டும். இமிகிரேஷன் தாண்டாமல் அது நடக்காது.

தேடும் முறை

கூகுள் ஃபிளைட்ஸ் போன்ற தளத்தில் தேடிப் பாருங்கள். வாங்குவதை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வையுங்கள். விலை வித்தியாசம் சிறியது என்றால் இதில் யோசிக்கவே வேண்டாம். இடைத்தரகர் தளத்தில் வாங்கிய டிக்கெட்டில் நேரம் மாற்ற, பெயர் திருத்த, பணம் திரும்பப் பெற எதற்குப் போனாலும் விமான நிறுவனம் 'உங்கள் ஏஜென்டிடம் பேசுங்கள்' என்று அனுப்பிவிடும். நடுராத்திரி அந்நிய விமான நிலையத்தில் ஏஜென்டின் தொலைபேசி எடுக்கப்படாவிட்டால் உங்களுக்கு யாரும் இல்லை. நம்பகமான உள்ளூர் ட்ராவல் ஏஜென்ட், கூப்பிட்டால் எடுக்கிறவர், கிடைத்தால் அது வேறு விஷயம். சிக்கலான பல ஊர்ப் பயணத்துக்கு அப்படிப்பட்டவர் வாங்கும் கட்டணத்துக்கு மேலாகவே உழைப்பார்.

தேடும்போது 'போய் வர' என்றும், 'பல ஊர்கள்' என்றும் இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். லண்டனில் இறங்கி, பாரிஸிலிருந்து திரும்புவதாக இருந்தால் இரண்டு ஒருவழி டிக்கெட் எடுக்காதீர்கள். பல ஊர்கள் பகுதியில் சென்னை–லண்டன், பாரிஸ்–சென்னை என்று கொடுங்கள். பல நிறுவனங்களில் இது சாதாரணப் போய்வரும் கட்டணத்தை ஒட்டியே வரும்.

நடுவில் ஓர் ஊரில் தங்கிப் பார்க்க ஆசை இருந்தால் 24 மணி நேரம் என்ற எல்லையை மனதில் வையுங்கள். சர்வதேசப் பயணத்தில் 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் ஏறினால் அது வெறும் டிரான்சிட். தாண்டினால் ஸ்டாப்ஓவர், கட்டணம் மாறலாம். 23 மணி நேரம் தங்கினால் ஒரு பகல் முழுக்க ஊர் சுற்றலாம், கட்டணமும் ஏறாது. பெட்டி கடைசி ஊருக்கே போய்விடும் என்பதால் ஒரு மாற்றுத்துணியும் மருந்தும் கைப்பையில் இருக்க வேண்டும்.

தேதியில் பலர் சறுக்குகிறார்கள். சென்னையிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போகும் விமானங்கள் பலவும் அதிகாலை இரண்டு, மூன்று, நான்கு மணிக்குப் புறப்படும். டிக்கெட்டில் 15ஆம் தேதி 03:40 என்றிருந்தால், 14ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி இரவு போய் நிற்பவர்கள் ஒவ்வொரு மாதமும் இருக்கிறார்கள். திருச்சி–சென்னையைத் தனியாக எடுப்பவர்கள் இதே காரணத்தால் தவறான நாளுக்கு எடுத்துவிடுவதும் உண்டு.

இன்னொன்று, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். அன்றைக்குத்தான் உலகம் முழுவதும் விமானங்களின் கோடை, குளிர்கால அட்டவணைகள் மாறுகின்றன. அந்த நாட்களைத் தாண்டிய பயணத்துக்கு வெகு முன்னதாக டிக்கெட் எடுத்தால் நேரம் மாறும் வாய்ப்பு அதிகம். அங்கே இரண்டு விமானங்களுக்கு நடுவிலான இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விட்டு எடுங்கள்.

இடைவெளி எவ்வளவு வேண்டும்?

ஒரு விமானத்திலிருந்து இறங்கி அடுத்ததில் ஏற, ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச மாற்று நேரம் என்று ஒன்று உண்டு. வியன்னாவில் அது 25 நிமிடம் வரை இறங்கும். ஃபிராங்க்ஃபர்ட்டில் 45 நிமிடம். டிக்கெட் விற்கும் கணினி அந்த நேரத்துக்குக் குறையாத எதையும் விற்கும். விற்கிறார்கள் என்பதாலேயே அது வசதியானது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாம் சரியாக நடந்தால், ஓடத் தெரிந்தால், போதும் என்று மட்டுமே அதற்கு அர்த்தம்.

தோஹா, துபாய், சிங்கப்பூர் போன்ற இடங்களில் ஒரே நிறுவனத்தில் மாறுவதற்கு இரண்டு மணி நேரம் நிம்மதியானது. வயதானவர்கள், குழந்தைகள், வீல்சேர் கேட்பவர்கள் என்றால் மூன்று. அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில் மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக எடுக்கவே வேண்டாம். ஏன் என்பதைச் சிகாகோவை வைத்துப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் எந்த ஊரில் முதலில் கால் வைக்கிறீர்களோ அங்கேதான் இமிகிரேஷன். பெட்டிக்குச் சின்சினாட்டி வரை சீட்டு ஒட்டியிருந்தாலும் சிகாகோவில் அதை நீங்களே எடுத்தாக வேண்டும். தோஹாவிலிருந்து வரும் விமானம் சிகாகோ ஓ'ஹேரின் ஐந்தாம் முனையத்தில் பயணிகளை இறக்குகிறது. இமிகிரேஷன் வரிசையில் நிற்பீர்கள், பெட்டி வரும் வரை காத்திருப்பீர்கள், கஸ்டம்ஸ் தாண்டுவீர்கள். தாண்டியவுடன் மறுபடி பெட்டியை ஒப்படைக்கும் இடம் இருக்கும். பலரும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு அதைக் கடந்து வெளியே போய்விடுகிறார்கள். அங்கேயே கொடுத்துவிட வேண்டும். பிறகு விமான நிலைய ரயிலில் ஏறி, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் உள்நாட்டு விமானமாக இருந்தால் மூன்றாம் முனையம். அங்கே மீண்டும் பாதுகாப்புச் சோதனை. தோஹா டூட்டி ஃப்ரீயில் வாங்கிய 100 மில்லிக்கு மேற்பட்ட வாசனைத் திரவியத்தைச் சிகாகோவில் பெட்டியை மறுபடி கொடுக்கும்போதே பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். கையில் வைத்திருந்தால் இந்தச் சோதனையில் பிடுங்கப்பட வாய்ப்புண்டு.

அதே இடத்தில்தான் உணவுச் சோதனையும். கறிவேப்பிலை அமெரிக்காவுக்குள் அனுமதி இல்லை. புதுப் பழங்கள், இறைச்சி சேர்ந்த பண்டங்கள் எல்லாம் சிக்கல். உணவு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். பொடியும் முறுக்கும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. சொல்லாமல் மறைத்துப் பிடிபட்டால்தான் அபராதம், அதோடு அடுத்த விமானமும் போய்விடும்.

இந்த வரிசையைத் தவிர்க்க ஒரு வழி அபுதாபி. அங்கே அமெரிக்க இமிகிரேஷன் அலுவலகமே இருக்கிறது. சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடும். அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணி போல இறங்கி நேராக அடுத்த வாசலுக்கு நடக்கலாம். டப்ளினிலும் கனடாவின் பெரிய விமான நிலையங்களிலும் இதே ஏற்பாடு உண்டு. முதல் முறை தனியாகப் போகும் பெற்றோருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் அபுதாபியில் இதற்கே கூடுதல் நேரம் வேண்டும், அங்கே இடைவெளியைக் குறைக்காதீர்கள்.

இந்தியாவுக்குத் திரும்பும்போதும் பொதுவாக இதே கதைதான். சென்னையில் இமிகிரேஷன், கஸ்டம்ஸ், பெட்டியை எடுப்பது, பிறகு திருச்சி விமானத்துக்கு மறுபடி செக்-இன். டெல்லி வழியாக வந்தால் உள்நாட்டு விமானம் எந்த முனையம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முனையத்திலிருந்து முதல் முனையத்துக்குச் சாலை வழியாகத்தான் போக வேண்டும்.

விமான நிலையமே மாறுகிற டிக்கெட்டுகளும் உண்டு. லண்டன் ஹீத்ரோவில் இறங்கி காட்விக்கில் ஏறுவது, பாரிஸில் சார்ல் தெ கோலிலிருந்து ஓர்லிக்குப் போவது, நியூயார்க்கில் ஜான் எஃப். கென்னடியிலிருந்து லாகார்டியாவுக்குப் போவது. பட்டியலில் ஊர்ப்பெயர் மட்டும் பார்த்தால் தெரியாது. மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். வந்திறங்கும் குறியீடும் ஏறும் குறியீடும் வேறாக இருந்தால் அந்த டிக்கெட்டை விட்டுவிடுவதே நல்லது.

கடைசியாக, அன்றைய நாளின் கடைசி விமானத்தில் உங்கள் இணைப்பு இருக்க வேண்டாம். சிகாகோ–சின்சினாட்டிக்கு நீங்கள் எடுத்ததற்குப் பின்னும் ஒன்றிரண்டு விமானம் இருந்தால், தவறினாலும் அன்றே போய்ச் சேரலாம். இல்லையென்றால் இரவு அங்கேதான். இடைவெளி அரை மணி நேரம் கூடுதலாக இருப்பதைவிட இது முக்கியம்.

டிரான்சிட் விசா

விமானமே ஏற விடாமல் சென்னையிலேயே திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள். போகும் நாட்டின் விசா இருக்கிறது, வழியில் உள்ள நாட்டின் விதி தெரியாது.

தோஹா, துபாய், அபுதாபி, சிங்கப்பூர், இஸ்தான்புல் ஆகிய இடங்களில் ஒரே டிக்கெட்டில், விமான நிலையத்துக்குள்ளேயே மாறினால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். அமெரிக்காவில் 'உள்ளேயே மாறுவது' என்ற ஏற்பாடே இல்லை. மெக்சிகோவுக்குப் போகும் வழியில் இரண்டு மணி நேரம் மயாமியில் இருந்தாலும் அமெரிக்க விசா வேண்டும். கனடாவிலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா தேவை. அமெரிக்க விசிட்டர் விசா இருக்கிறதே என்று டொரண்டோ வழியாக டிக்கெட் எடுத்துவிடுவார்கள். அது போதாது, கனடாவின் விசாவும் வேண்டும். அமெரிக்க கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. கனடா டிரான்சிட் விசாவுக்குக் கட்டணம் இல்லை என்றாலும், விண்ணப்பிக்க நாள் பிடிக்கும்.

பிரிட்டன் வழியாக, ஹீத்ரோவுக்குள்ளேயே மாறினாலும் இந்தியர்களுக்கு டிரான்சிட் விசா தேவை. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா இருந்தால் விலக்கு. 'செல்லுபடியாகும்' என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகளின் எஃப்-1 விசா முத்திரை காலாவதியாகியிருக்கும். படிப்புக்கான ஆவணம் செல்லும் என்பதால் அங்கே தங்குவதில் சிக்கல் இருக்காது. ஊருக்குத் திரும்ப லண்டன் வழியாக டிக்கெட் எடுத்தால் அங்கே அந்த விலக்கு கிடைக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு வளைகுடா வழியே பாதுகாப்பு.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் தங்களுக்குள் எல்லைச் சோதனையின்றிப் போய்வர விடும் நாடுகளில், விமான நிலைய டிரான்சிட் விசா விதி நாட்டுக்கு நாடு வேறு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அது மாறிக்கொண்டும் இருக்கிறது. இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எல்லா ஷெங்கன் நாடுகளிலும் விமான நிலைய டிரான்சிட் விசா கேட்கப்படும் 12 நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கை இருக்கிறது. அமெரிக்கா, கனடா, ஜப்பான், ஷெங்கன் விசா இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு.

ஷெங்கனில் இன்னொரு பொறி. சென்னை–ஃபிராங்க்ஃபர்ட்–பாரிஸ்–மாண்ட்ரியல் என்று ஒரு டிக்கெட் மலிவாகக் கிடைக்கும். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து பாரிஸுக்குப் போவது அவர்கள் கணக்கில் உள்நாட்டுப் பயணம். அதற்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் இமிகிரேஷன் தாண்டி ஷெங்கனுக்குள் நுழைய வேண்டும். டிரான்சிட் விசாவோ விலக்கோ இதற்கு உதவாது. முழு ஷெங்கன் விசா வேண்டும். ஒரே பயணத்தில் இரண்டு ஷெங்கன் ஊர்கள் வந்தால் உடனே உஷாராகிவிடுங்கள்.

செக்-இன் கவுன்டரில் இருப்பவர் 'டிமேடிக்' என்ற தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். அது சர்வதேச விமானப் போக்குவரத்துக் கூட்டமைப்பான ஐஏடிஏ நடத்துவது. பல விமான நிறுவனங்களின் இணையதளங்களில் பயண ஆவணம் சரிபார்க்கும் பகுதி அதே தரவில் ஓடுகிறது. டிக்கெட் எடுக்கும் முன் ஒரு முறை, கிளம்பும் வாரத்தில் ஒரு முறை உங்கள் பாஸ்போர்ட், விசா, ஒவ்வொரு டிரான்சிட் ஊர் எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

பெயர்

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் இது. அப்பா பெயர் முன்னால் இனிஷியல், குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்றும் இல்லை. டிக்கெட் படிவமோ இரண்டு பெயர் கேட்கும். பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளுடன் இரண்டு வரி இருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். அதில் எது குடும்பப் பெயர், எது சொந்தப் பெயர் என்று இருக்கிறதோ அப்படியே டிக்கெட்டில் போடுங்கள். இனிஷியல் சேர்க்க வேண்டாம்.

பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது என்றால், என்ன செய்ய வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்வார்கள். அமெரிக்க விசாவில் 'எஃப்என்யு', அதாவது முதல் பெயர் தெரியவில்லை, என்று அச்சிடப்பட்டிருந்தால் சிலர் அதைப் போடச் சொல்வார்கள். முதல் விமானத்தின் நிறுவனத்தைக் கேட்டுவிட்டு, எல்லாக் கட்டத்துக்கும் ஒரே மாதிரி இருக்கும்படி பாருங்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா தருவதில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. துபாயில் இறங்கித் தங்கும் திட்டம் இருந்தால் இதைக் கவனியுங்கள். பல நிறுவனங்கள் சேர்ந்த டிக்கெட்டில் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும் எல்லா நிறுவனங்களிலும் மாற்ற வேண்டும். அதனால் பணம் கட்டும் முன்பே ஒரு முறை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

டிக்கெட் எடுத்த பிறகு

அமெரிக்காவுக்கு வந்துபோகும் விமானங்களுக்கு ஒரு சலுகை உண்டு. புறப்பட ஏழு நாளுக்கு மேல் இருந்து, விமான நிறுவனத்திடம் நேரடியாக எடுத்த டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். தவறைக் கண்டுபிடிக்க அந்த ஒரு நாளைப் பயன்படுத்துங்கள்.

டிக்கெட்டில் ஒவ்வொரு விமானத்தையும் யார் உண்மையில் ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள். கத்தார் எண் போட்டிருக்கும், ஓட்டுவது அமெரிக்கன் அல்லது இண்டிகோவாக இருக்கும். அந்த நிறுவனத்தின் பிஎன்ஆர் வேறு ஆறெழுத்தாக இருக்கும். கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தளத்தில் இருக்கை எடுக்கவும், வீல்சேர் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கவும் அதுதான் வேண்டும்.

வீல்சேரை 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லுங்கள். மூன்று வகை உண்டு: தூரம் நடக்க முடியாது, படி ஏற முடியும் என்பது ஒன்று, படியும் ஏற முடியாது என்பது இரண்டு, இருக்கை வரை தூக்கிப் போக வேண்டும் என்பது மூன்று. சரியான வகையைச் சொல்லுங்கள். ஒரு நிறுவனத்தில் பதிந்தால் மற்றவற்றுக்குத் தானாகப் போய்விடும் என்று நம்ப வேண்டாம்.

சாப்பாடு தேர்வு செய்யும்போது 'வெஜிடேரியன்' என்று எதையாவது அழுத்திவிடாதீர்கள். 'விஜிஎம்எல்' என்பது பல நிறுவனங்களில் பால், தயிர், நெய் எதுவும் இல்லாத வீகன் உணவு. நம் ஊர் முறையில் சைவம் வேண்டுமென்றால் 'ஏவிஎம்எல்'. 24 மணி நேரத்துக்கு முன்பே பதிய வேண்டும்.

இதற்கிடையில் நேர மாற்றம் வரும். மின்னஞ்சலில் 'உங்கள் விமான நேரம் மாறியுள்ளது, ஏற்கிறீர்களா' என்று கேட்பார்கள். அவசரப்பட்டு ஏற்றுவிடாதீர்கள். புது நேரத்தில் இடைவெளி போதுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். ஏற்காமல் தொலைபேசியில் பேசினால், அதே நிறுவனத்தின் வேறு நேர விமானத்துக்கு இலவசமாக மாற்றித் தருவார்கள். அமெரிக்காவுக்கு வந்துபோகும் சர்வதேசப் பயணத்தில் ஆறு மணி நேரத்துக்கு மேல் நேரம் தள்ளினாலோ, வழியில் விமானம் மாறும் எண்ணிக்கை கூடினாலோ, பயணம் வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை உண்டு.

மாற்றம் முடிந்ததும் ஒன்று கேளுங்கள்: டிக்கெட்டை மறுபடி வெளியிட்டுவிட்டீர்களா? முன்பதிவில் புது விமானம் இருக்கும். பழைய டிக்கெட் பழைய விமானத்துக்கே நிற்கும். கவுன்டரில் 'முன்பதிவு இருக்கிறது, டிக்கெட் இல்லை' என்பார்கள். புது 13 இலக்க எண் வந்ததா, அல்லது பழைய எண்ணே புது விமானத்தோடு சேர்க்கப்பட்டதா என்று உறுதி செய்யும் வரை வேலை முடியவில்லை.

எந்தக் கட்டத்தையும் விட்டுவிட்டு நடுவில் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். சென்னையில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறோம், திருச்சி–சென்னையை விட்டுவிடலாம் என்று முதல் விமானத்தில் ஏறாமல் இருந்தால் மற்ற எல்லாம் ரத்தாகும்.

பெட்டி

அமெரிக்கா, கனடாவுக்குப் பொதுவாக இத்தனை பெட்டி என்ற கணக்கு. பெட்டி ஒன்று 23 கிலோ. வளைகுடாவுக்கு மொத்த எடைக் கணக்கு. ஒரே டிக்கெட்டில் அமெரிக்கா இருந்தால், முழுப் பயணத்துக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும். திருச்சியில் உள்நாட்டு அளவான 15 கிலோதான் என்று சொன்னால் டிக்கெட்டைக் காட்டுங்கள். தனி டிக்கெட்டில் இந்தப் பேச்சே எடுபடாது.

கசகசா கலந்த மசாலாப் பொடியை எந்தப் பெட்டியிலும் வைக்காதீர்கள். அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். வெளியே வரும் சூழல் வந்தால் சிறை வரை போகும். பவர் பேங்க் கைப்பையில்தான், பெட்டியில் கூடாது.

கவுன்டரில் பெட்டிக்குச் சீட்டு ஒட்டியதும், பெல்ட்டில் போகும் முன் அதைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் மூன்றெழுத்து கடைசி ஊர். சின்சினாட்டிக்கு அது சி.வி.ஜி. அங்கே சிகாகோவின் ஓ.ஆர்.டி என்றோ, சென்னையின் எம்.ஏ.ஏ என்றோ பெரிதாக இருந்தால் பெட்டி அதோடு நின்றுவிடும், அப்போதே கேளுங்கள். உங்களிடம் தரும் துண்டில் 10 இலக்க எண் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டியையும் ஒரு படம்.

இணைப்பு தவறிப்போனால்

விமானம் தாமதம் என்று தெரிந்தவுடனே, தரையிறங்கக் காத்திருக்காமல், நிறுவனத்தின் செயலியைத் திறங்கள். பல நேரம் புது விமானம் தானாகவே போட்டிருப்பார்கள். பிடிக்கவில்லை என்றால், எந்த விமானம் வேண்டும் என்று எண்ணோடு தேடி வைத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபர் டெஸ்க்கில் கேளுங்கள். வரிசை நீளமாக இருந்தால் நிற்கும்போதே தொலைபேசியிலும் பேசுங்கள். எது முதலில் கிடைக்கிறதோ அது. இரவு தங்க வேண்டியிருந்தால் விடுதி, சாப்பாடு, வண்டி மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வெளியே போக விசா இல்லாவிட்டால் விமான நிலையத்துக்குள்ளேயே ஓய்வறை கேளுங்கள். புது போர்டிங் பாஸ் கிடைத்ததும் பெட்டித் துண்டைக் காட்டி, பெட்டியும் அதே விமானத்துக்கு மாற்றப்பட்டதா என்று கேளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும், எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும், 261 என்ற விதி பொருந்தும். பாரிஸ்–தோஹா–சென்னை ஒரே டிக்கெட்டில் இருந்து, நிறுவனத்தின் தவறால் சென்னைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்தால் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். தாமதம் தோஹாவில் நடந்தது என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. வானிலை, வான்வெளி மூடல் போன்றவற்றுக்கு இழப்பீடு இல்லை. தங்குமிடமும் சாப்பாடும் அப்போதும் உண்டு. ஐரோப்பாவுக்கு வரும் திசையில், ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே இந்த விதி.

பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். கடைசியாக உங்களைக் கொண்டுவந்து இறக்கிய நிறுவனத்தின் பெட்டி அலுவலகத்தில் 'பிஐஆர்' என்ற முறைப்பாட்டைப் பதிவு செய்து, அதன் குறிப்பு எண்ணை வாங்குங்கள். அதை வைத்து இணையத்தில் தேடலின் நிலையைப் பார்க்கலாம். அவசரத்துக்கு வாங்கும் துணி, சோப்பு, மருந்து எல்லாவற்றுக்கும் ரசீது வையுங்கள். 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது 2,000 அமெரிக்க டாலருக்குச் சற்று மேல். பெட்டி உடைந்திருந்தால் கிடைத்த ஏழு நாளுக்குள், தாமதமாக வந்திருந்தால் கையில் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். பிஐஆர் கொடுத்தாயிற்று, அது போதும் என்று இருந்துவிடாதீர்கள். பல நிறுவனங்கள் இதைத் தனிக் கடிதமாகவோ இணையப் படிவமாகவோ கேட்கும். போர்டிங் பாஸ் துண்டுகளையும் பெட்டித் துண்டையும் அது முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள்.